நிலத்தடி இருளில் நீரின் வழி தேடிய மார்ட்டெல்

தெளிந்த நீர் சுத்தமான நீர் என்பது மனிதன் காலங்காலமாகக் கொண்டுள்ள நம்பிக்கையாகும். பாறையின் அடியிலிருந்து குளிர்ச்சியாகப் பொங்கிவரும் ஊற்றைக் கண்டால் எவரும் சந்தேகம் கொள்வதில்லை. இரு கைகளையும் குவித்து அள்ளிப் பருகுவர். பூமி வடிகட்டித் தந்த நீரில் குறை இருக்கமுடியாது என்றே கற்றவர்களும் நீண்டகாலம் கருதியிருந்தனர். இந்நம்பிக்கை சுண்ணாம்புக்கல் நிலங்களில் எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தாமே கயிற்றில் தொங்கிப் பாதாளத்துக்குள் இறங்கிக் கண்டறிந்து, அதனைத் தமது நாட்டின் சட்டத்திலும் இடம்பெறச் செய்தவர் பிரான்ஸ் நாட்டவரான எட்வார் அல்பிரட் மார்ட்டெல் ஆவார். நவீன குகையாய்வியலின் தந்தை என்று அவர் இன்று போற்றப்படுகிறார். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் புத்தளத்திலும் சுண்ணாம்புக்கல்லின் மீது குடியிருந்து கிணற்று நீரை நம்பி வாழும் எமது மக்கள் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது.

வழக்குக் கட்டுகளும் குகைகளும்

மார்ட்டெல் 1859ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் திகதி பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள பொன்துவாஸ் என்னும் ஊரில், சட்டத்துறையைச் சார்ந்த குடும்பமொன்றில் பிறந்தார். 1866இல், ஏழு வயதுச் சிறுவனாகப் பெற்றோருடன் பிரனீஸ் மலைப்பகுதிக்கு விடுமுறைப் பயணம் சென்றபோது கார்காஸ் குகையைப் பார்த்தார். அன்று மனதில் விழுந்த வித்து பின்னர் பெருமரமாயிற்று. ஜூல்ஸ் வேர்ணின் கற்பனைப் பயண நாவல்களை விரும்பிப் படித்த அம்மாணவன், 1877இல் பிரான்ஸ் முழுவதற்குமாக நடத்தப்படும் பாடசாலைப் போட்டியில் புவியியலில் முதற்பரிசு பெற்றான். 1879இல், இன்று சுலோவேனியாவில் போஸ்டோய்னா என அழைக்கப்படும் புகழ்பெற்ற குகையையும் கண்டுவந்தான்.

ஆயினும் குடும்ப வழக்கம் அவரைச் சட்டக் கல்வியின் பக்கமே இழுத்தது. 1886இல் சட்டப் பட்டம் பெற்றுப் பாரிஸ் வர்த்தக நீதிமன்றத்தில் தொழில் புரியத் தொடங்கினார். அன்றுமுதல் அவர் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தார் எனலாம். நீதிமன்றம் நடைபெறும் மாதங்களில் வழக்குக் கட்டுகளுடன் இருந்த அவர், கோடை விடுமுறை வந்ததும் கயிறுகளையும் ஏணிகளையும் ஏற்றிக்கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடுவார். அவருடைய பெருஞ்சாதனைகள் பலவும் இவ்வாறான விடுமுறைகளிலேயே நிகழ்ந்தன.

அவர் நாடிச் சென்ற நிலம் தென் பிரான்ஸிலுள்ள கோஸ் எனப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலமாகும். அங்கு மழை பெய்தாலும் ஆறு ஓடுவதில்லை. பெய்த நீர் முழுவதும் பிளவுகளுக்குள் இறங்கி மறைந்துவிடும். ஆடு மேய்ப்பவர்கள் மழைநீரைச் சேகரித்து வாழ்ந்தனர். ஆனால், அதே மேட்டுநிலத்தின் அடிவாரப் பள்ளத்தாக்குகளிலோ பாறைச் சுவர்களின் அடியிலிருந்து ஆறு போன்ற ஊற்றுகள் வருடம் முழுவதும் பெருக்கெடுத்தன. மேலே மறையும் நீர்தான் கீழே வெளிவருகிறது என்று ஊகிப்பது எளிது. எந்த வழியால், எவ்வளவு வேகத்தில், எந்த நிலையில் வருகிறது என்பதை எவரும் பார்த்ததில்லை. மேட்டுநிலத்தில் ஆங்காங்கே வாய் பிளந்து கிடந்த செங்குத்துக் குழிகளைக் கிராமத்தவர் பேயின் வாசல் என அஞ்சினர். அவற்றின் அருகே செல்லவும் தயங்கினர்.

கயிறும் படகும்

1888ஆம் ஆண்டு ஜூன் 27, 28ஆம் திகதிகளில் மார்ட்டெல் தமது முதலாவது பெரும் முயற்சியில் இறங்கினார். பொனேர் என்னும் சிற்றாறு ஓரிடத்தில் பாறைக்குள் புகுந்து மறைந்து, வேறோரிடத்தில் எருது முக்காரமிடுவது போன்ற பேரிரைச்சலுடன் குன்றைப் பிளந்துகொண்டு வெளிவருகிறது. அந்த இடத்துக்குப் பிரமாபியோ என்று பெயர். மார்ட்டெலும் தோழர்களும் ஆறு புகும் வாயினால் நுழைந்து, ஆளொருவர் பக்கவாட்டில் மாத்திரமே நகரக்கூடிய பிளவுகளினூடாகவும், நீர்வீழ்ச்சிகளைத் தாண்டியும், ஆறு வெளிப்படும் வாயினால் வெளியே வந்தனர். ஒரு நிலத்தடி ஆற்றின் வழியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மனிதர்கள் நடந்து காட்டியிருந்தனர். பிரான்ஸில் குகையாய்வியல் பிறந்தது அன்றுதான் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர்.

இம்முயற்சிகளில் அவர் தனித்து நின்றவரல்லர். உறவினரான காப்ரியேல் கோப்பியா, ரோசியே கிராமத்துக் கொல்லர் லூயி ஆர்மான், எமில் பூல்கியே ஆகியோர் அவருடைய உறுதியான துணைவர்கள். குறிப்பாக ஆர்மான், இரும்பிலும் கயிற்றிலும் கைதேர்ந்தவர். இடுக்கண் வேளையில் தளராதவர். பாரிஸ் சட்டத்தரணியும் மலைநாட்டுக் கொல்லரும் ஒரே கயிற்றில் உயிரைக் கட்டித் தொங்கிய அந்த நட்பு பல ஆண்டுகள் நீடித்தது.

அக்காலத்தில் குழிக்குள் இறங்குவது எவ்வளவு கடினமானது என்பதை இன்று கற்பனை செய்வதும் சிரமம். இன்றைய குகையாய்வாளர் மெல்லிய நைலோன் கயிறொன்றில், கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் சிறு கருவிகளின் துணையுடன் தாமாகவே இறங்கி ஏறுகிறார். மார்ட்டெலிடம் இருந்ததோ சணற்கயிறும் மரப்படிகள் கொண்ட நூலேணியும் மாத்திரமே. ஏணி நீரில் நனைந்தால் அதன் பாரம் பன்மடங்காகும். ஏணி எட்டாத ஆழங்களில், கயிற்றின் நுனியில் குறுக்காகக் கட்டிய தடியொன்றில் அமர்ந்து, மார்பைச் சுற்றி மற்றொரு கயிற்றைக் கட்டிக்கொள்வார். மேலே நிற்கும் ஆட்கள் கைப்பலத்தால் அவரைச் சிறிது சிறிதாக இறக்குவர். அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கிய கயிறு பம்பரம்போல் சுழலும். கயிறு உரசும் இடங்களிலிருந்து கற்கள் பெயர்ந்து தலைக்குமேல் விழும். ஆழத்திலிருந்து கூவினால் குரல் பாறையில் மோதிச் சிதறி எதுவும் விளங்காது. நிறுத்து என்பதும் இறக்கு என்பதும் ஒன்றுபோல் கேட்டால் உயிர் போய்விடும். இதனை உணர்ந்த மார்ட்டெல், அப்போது புதிதாக வந்திருந்த தொலைபேசியைக் குகைக்குள் கொண்டு சென்றார். மெழுகுதிரி, மக்னீசிய நாடா, திசைகாட்டி, வெப்பமானி, குறிப்புப் புத்தகம் ஆகியவை எப்போதும் அவருடன் இருந்தன. ஆற்றைக் கடக்க, மடித்து எடுத்துச் செல்லக்கூடிய அமெரிக்கக் கித்தான் படகொன்றையும் பெற்றிருந்தார்.

இவையனைத்தும் 1889ஆம் ஆண்டு ஜூலை 9, 10ஆம் திகதிகளில் பதிராக் குழியில் பயன்பட்டன. லோட் மாவட்டத்திலுள்ள இக்குழி சுமார் 35 மீற்றர் அகலமும் 75 மீற்றர் ஆழமும் கொண்டது. சாத்தான் குதிகாலால் மிதித்துத் திறந்த வாய் இது என்பது ஊர்க்கதை. நூலேணியால் அடிக்கு இறங்கிய மார்ட்டெலும் தோழர்களும், மேலும் கீழே இருளுக்குள் ஓடும் ஓர் ஆற்றைக் கண்டனர். முதலை என்று பெயரிட்ட தமது சிறு படகை விரித்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்த ஆற்றில் துடுப்பு வலித்தனர். ஓரிடத்தில் இருபுறப் பாறைகளும் நெருங்கிவந்து, படகு உரசாமல் செல்லமுடியாத இடுக்காயிற்று. அந்த இடுக்கு இன்றும் முதலைக் கடவை என்றே அழைக்கப்படுகிறது. சுமார் இரண்டு கிலோ மீற்றர் தூரம் சென்ற பின்னரும் ஆறு முடியவில்லை. அடுத்த ஆண்டும் திரும்பிவந்து தேடலைத் தொடர்ந்தனர். 94 மீற்றர் உயரமான கூரையைக் கொண்ட பெருமண்டபமும் அங்கு காணப்பட்டது. பேயின் வாசலுக்குள் பேய் இருக்கவில்லை, ஆறு இருந்தது. அந்த ஆறு எங்கோ மக்கள் குடிக்கும் நீராக வெளிவரத்தான் வேண்டும் என்பதை மார்ட்டெல் மறக்கவில்லை.

ஒரு கன்றின் சடலம்

1891இல் நிகழ்ந்த சம்பவமொன்று அவருடைய வாழ்வின் திருப்புமுனையாயிற்று. லோட் பகுதியில் பெரி என்னும் ஊற்றில் அவர் நீர் பருகினார். நீர் பளிங்குபோல் தெளிவாக இருந்தது. ஆனால், அதன் பின்னர் அவர் கடும் நோயுற்றார். காரணத்தைத் தேடியபோது, அந்த ஊற்றுக்கு மேலேயுள்ள குழியொன்றின் அடியில் கன்று ஒன்றின் சடலம் அழுகிக் கிடப்பது தெரியவந்தது. மழைநீர் அச்சடலத்தைக் கழுவிக்கொண்டு பாறைப் பிளவுகளினூடாக இறங்கி ஊற்றாக வெளிவந்துகொண்டிருந்தது.

கிராமத்தவரைக் குற்றம் சொல்வதற்கும் இடமிருக்கவில்லை. கால்நடை நோயுற்று இறந்தால் மற்றைய கால்நடைகளுக்கு நோய் பரவாமலிருக்க, சடலத்தை ஆழக் குழிக்குள் எறிந்துவிடுவது அவர்களுடைய தலைமுறை வழக்கம். கண்ணுக்குத் தெரியாத ஆழத்துக்குப் போனது தொலைந்துவிட்டது என்றே அவர்கள் நம்பினர். தாம் எறிந்தது கீழ்க்கிராமத்தவரின் குடத்தில் வந்து சேரும் என்பதை அறிய, எவராவது அந்தக் குழிக்குள் இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். மார்ட்டெலோ அத்தகைய குழிகளில் இறங்கியவர். எத்தனையோ குழிகளின் அடியில் எலும்புக் குவியல்களை மிதித்து நடந்தவர்.

மணல் நிலத்தில் நீர் மெதுவாகக் கசிந்து இறங்குகிறது. நுண்ணிய துளைகளினூடாக நாட்கணக்கில் ஊர்ந்து வரும்போது அழுக்கும் கிருமியும் பெருமளவு தங்கிவிடுகின்றன. சுண்ணாம்புக்கல்லின் இயல்பு வேறு. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்னமிலமாகிப் பாறையை அரிக்கிறது. ஆயிரமாயிரம் ஆண்டுகளில் மயிரிழைப் பிளவு விரலளவாகி, விரலளவு பிளவு குகையாகிறது. அதற்குப் பிறகு நீர் கசிவதில்லை. குழாயில் ஓடுவதுபோல் ஓடுகிறது. வடிகட்டுவதற்கு அங்கு எதுவுமில்லை. ஆகவே இத்தகைய நிலங்களில் வெளிவரும் நீரை உண்மையான ஊற்று என அழைப்பதே பிழை, மேலே மறைந்த நீரின் மீள்வெளிப்பாடு என்றே அழைக்கவேண்டும் என மார்ட்டெல் வாதாடினார். அத்தகைய ஊற்றுகளின் வெப்பநிலை பருவத்துக்கேற்ப மாறுவதை அளந்து காட்டி, அந்நீர் அண்மையில்தான் மேற்பரப்பிலிருந்து வந்தது என்பதற்கு அதனைச் சான்றாக்கினார்.

நெருப்புக் காய்ச்சல் நகரங்களில் உயிர்களைப் பலிகொண்ட காலம் அது. நோய்களுக்குக் கிருமிகளே காரணம் என்பது நிறுவப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பெருநகரங்களோ தொலைதூரச் சுண்ணாம்புக்கல் ஊற்றுகளின் நீரைச் சுத்தமானதெனக் கருதிக் குழாய் வழியாகக் கொண்டுவந்துகொண்டிருந்தன. மார்ட்டெல் ஓயாது எழுதினார். அறிஞர் சபைகளில் வாதிட்டார். நீதிமன்றத்தில் பயின்ற வாதத்திறன் இங்கும் அவருக்குக் கைகொடுத்திருக்கும் என நாம் கருதலாம். ஈற்றில், 1902ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி நிறைவேற்றப்பட்ட பிரான்ஸின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில், விலங்குகளின் சடலங்களையும் அழுகும் பொருட்களையும் நிலத்துப் பிளவுகளிலும் குழிகளிலும் எறிவது தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. அவ்வேற்பாடு இன்றளவும் மார்ட்டெல் சட்டம் என்றே பேசப்படுகிறது. அவர் பாராளுமன்ற உறுப்பினராகவோ அமைச்சராகவோ இருந்தவரல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

இயற்கையும் விபத்தொன்றின் வடிவில் அவருக்குச் சாட்சி சொன்னது. 1901ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பொன்தார்லியே நகரிலிருந்த மதுவடிசாலையொன்று தீப்பற்றியபோது, வெடிப்பைத் தவிர்ப்பதற்காகப் பெருந்தொகை மது டூ நதிக்குள் திறந்துவிடப்பட்டது. ஓரிரு நாட்களில், மலைக்கு அப்பாலுள்ள லூ நதியின் ஊற்றில் அந்த மதுவின் வாடை வீசியது. வெவ்வேறு எனக் கருதப்பட்ட இரு நதிகளும் நிலத்தடியில் தொடர்புற்றிருந்தன. பின்னர் 1910இல் மார்ட்டெல் டூ நதியில் பச்சை ஒளிரும் சாயத்தைக் கரைத்து, அது லூ ஊற்றில் வெளிவருவதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டினார்.

கடல் கடந்த புகழ்

இதற்கிடையில் அவருடைய புகழ் பிரான்ஸின் எல்லைகளைக் கடந்திருந்தது. 1894இல் தமது தேடல்களைத் தொகுத்துப் பெருநூலொன்றை வெளியிட்டார். 1895இல் குகையாய்வுச் சங்கத்தை நிறுவி அதற்கெனச் சஞ்சிகையொன்றையும் ஆரம்பித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் திகதி இங்கிலாந்தின் யோர்க்ஷயரிலுள்ள கேப்பிங் கில் என்னும் குழியில் இறங்கினார். சுமார் 100 மீற்றர் ஆழமுள்ள இக்குழிக்குள் ஓர் ஓடை அருவியாக விழுகிறது. 1842இல் ஜோன் பேர்க்பெக் என்பவர் ஓடையைத் திசைதிருப்பி இறங்க முயன்றும் பாதி வழியிலிருந்த கற்தட்டு வரையே அவரால் செல்ல முடிந்தது. மார்ட்டெல் கொட்டும் நீரின் நடுவே நூலேணியில் 23 நிமிடங்களில் தனியொருவராக இறங்கினார். தேவாலயம் ஒன்றை உள்ளடக்கக்கூடிய பெருமண்டபம் கீழே இருந்தது. உடல் முழுவதும் நனைந்த நிலையில் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக அங்கு அளவெடுத்துவிட்டு, 28 நிமிடங்களில் மேலேறினார். ஆங்கிலேயர் தமது மண்ணிலுள்ள குழியின் அடியை ஒரு பிரெஞ்சுக்காரர் முதலில் மிதித்துவிட்டதைக் கண்டபின் தாமும் உற்சாகத்துடன் இத்துறையில் இறங்கினர். அயர்லாந்தின் மாபிள் ஆர்ச் குகைகளையும் அதே ஆண்டிலேயே அவர் ஆராய்ந்தார். 1896இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக் குகையொன்றில் அவர் கண்ட நிலத்தடி ஏரி இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

1897ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொல்லர் ஆர்மான் புதிய குழியொன்றின் வாயைக் கண்டறிந்தார். 75 மீற்றர் ஆழத்துக்கு முதலில் இறங்கியவரும் அவரே. கீழே 400 அளவிலான சுண்ணாம்புத் தூண்கள் மரங்கள்போல் எழுந்து நின்றன. அவற்றுள் ஒன்று 30 மீற்றர் உயரமானது. அக்கற்காட்டுக்கு மார்ட்டெல் தமது பெயரைச் சூட்டவில்லை. ஆர்மான் குழி என்று தமது துணைவரின் பெயரைச் சூட்டினார். அறிவுலகில் உழைப்பவர் ஒருவராகவும் பெயர் பெறுபவர் வேறொருவராகவும் இருப்பதை அடிக்கடி காணும் நாம், இதனைச் சிறிய செயலாகக் கருதமுடியாது.

1899இல் சட்டத்தொழிலை முற்றாகத் துறந்த மார்ட்டெல், எஞ்சிய வாழ்நாளை நீருக்கும் குகைக்குமே அர்ப்பணித்தார். 1905இல் அரசின் நீர்வள ஆய்வுக்காக வெர்டோன் பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்களுக்கிடையே, ஆர்மான் உள்ளிட்ட குழுவினருடன் மூன்றரை நாட்கள் போராடி அதனைக் கடந்தார். 1912இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள மமூத் குகையைப் பார்வையிட்டார். பிரான்ஸில் தேசியப் பூங்காக்கள் அமைக்கப்பட வேண்டும் என முன்கூட்டியே குரல் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். 1928 முதல் 1931 வரை பாரிஸ் புவியியற் சங்கத்தின் தலைவராக விளங்கினார். 1938ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் திகதி மொன்பிரிசோன் நகருக்கு அருகில், தமது 78ஆவது வயதில் காலமானார்.

பதிராக் ஆறு எங்கே வெளிவருகிறது என்பதை அவர் தம் கண்ணால் காணவில்லை. அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னர், 1947இல் அவருக்குப் பின்வந்தோர் அவ்வாற்றில் சாயமிட்டு, அது தோர்தோன் நதியோரத்து ஊற்றுகளில் வெளிவருவதைக் கண்டனர். அவர் இரண்டு கிலோ மீற்றர் வரை சென்ற அக்குகையில் இன்று 40 கிலோ மீற்றருக்கும் அதிகமான வழிகள் அறியப்பட்டுள்ளன.

எமது மண்ணுக்கு அவர் விட்டுச்சென்ற பாடம்

யாழ் குடாநாடும் கோஸ் மேட்டுநிலத்தைப் போலவே சுண்ணாம்புக்கல்லால் ஆனது. வருடம் முழுவதும் ஓடும் ஆறு எமக்கில்லை. மாரியில் பெய்யும் மழை பாறைப் பிளவுகளில் இறங்கித் தேங்குவதையே கிணறுகளால் அள்ளிக் குடிக்கிறோம், தோட்டங்களுக்கும் இறைக்கிறோம். அடி காணமுடியாதது எனப் பேசப்பட்ட நிலாவரைக் கிணறும், கடலோரத்தில் நன்னீர் சுரக்கும் கீரிமலைக் கேணியும் இந்தப் பாறையின் உள்வழிகள் எமக்குக் காட்டும் முகங்களே. நாம் தோண்டும் மலசலகூடக் குழிகளும், தோட்டங்களில் அளவின்றிக் கொட்டும் உரமும் நாசினியும், ஒழுங்கைக் கரையில் எறியும் குப்பையும் இந்த வழிகளையே சென்றடைகின்றன. சுன்னாகம் சுற்றாடலில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2015ஆம் ஆண்டளவில் குடாநாடு முழுவதையும் கலங்கவைத்ததை எவரும் மறந்திருக்கமாட்டார். ஒரு வளவில் ஊற்றப்பட்டது மறுவளவுக் கிணற்றில் மிதக்கும் என்பதை மக்கள் அன்று அனுபவத்தில் கண்டனர்.

புத்தளத்தின் நிலையும் இதுவே. சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழப்பட்ட அருவக்காட்டு நிலத்துக்குக் கொழும்பின் குப்பைகளைக் கொண்டுவரும் திட்டத்துக்கெதிராக 2018, 2019ஆம் ஆண்டுகளில் புத்தளத்து மக்கள் இன, மத பேதமின்றி வீதியில் இறங்கினர். குப்பை கண்ணுக்கு மறைவாக எங்கோ தொலைவுக்குப் போய்விட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என எண்ணுவோருக்கும், கன்றின் சடலத்தைக் குழிக்குள் தள்ளிய அக்காலக் கிராமத்தவருக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கிராமத்தவர் அறியாமல் செய்தனர். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அறிந்திருக்கும் ஓர் உண்மையை அறியாததுபோல் நடந்துகொள்ள இன்றைய அதிகாரிகளுக்கு உரிமை இல்லை.

நீரை மாசுபடுத்துவது பாவம் என்று எமது சமயங்கள் யாவும் போதித்துள்ளன. பாவம் என்பதைக் குற்றம் என்றும் ஆக்கவேண்டியது அரசின் கடமை. அக்குற்றம் எங்கே, எவ்வாறு நிகழ்கிறது என்பதை நேரில் சென்று பார்த்து ஆதாரத்துடன் பேசுவது அறிவுடையோரின் கடமை. மார்ட்டெல் அந்த இரண்டாவது கடமையைக் கயிற்றில் தொங்கியபடி நிறைவேற்றினார். எமது கிணறுகளின் அடியை அறிவதற்கு நாம் கயிற்றில் தொங்கவேண்டியதில்லை. நீரைப் பரிசோதிக்கும் வசதிகளும் நிலத்தடியை ஆராயும் துறைசார் வல்லுநர்களும் இந்நாட்டில் இருக்கிறார்கள். கிராமந்தோறும் கிணறுகளை ஒழுங்காகப் பரிசோதித்து, முடிவுகளை மக்களிடம் மறைக்காமல் வெளியிடுவதிலிருந்து பிரதேச சபைகளும் சுகாதாரத் திணைக்களமும் ஆரம்பிக்கட்டும்.